மிளகை அவிக்கும் நிலையம்

கடையில் பேரம் படியாவிட்டால் எழுந்து போய்விடலாம்; ஆராய்ச்சி நிலையம் தொடங்கியவனுக்கு அந்த வசதி கிடையாது. புதிதாக ஒன்றைத் தொடங்கி நாலு பேரை நம்பவைக்க அலைந்தவர்களுக்கு இது புரியும்.

மாத்தளையில் மிளகு வாங்கி விற்றுக்கொண்டிருந்த நான், விவசாயம் படித்த பரீனாவோடு சேர்ந்து ஒரு பழைய சரக்கு ஸ்டோரில் நிலையம் தொடங்கினேன். பச்சை மிளகைக் கொதிநீரில் முக்கி, பொலித்தீன் கூடாரத்துக்குள் காயவைத்தால் பூஞ்சணம் பிடிக்காது என்று காட்டுவதுதான் எங்கள் வேலை. இந்த அறுவடைக்குள் ஒரு விவசாயியாவது நம்பாவிட்டால் ஸ்டோரைத் திருப்பித் தரவேண்டும் என்று அதன் சொந்தக்காரரான என் மச்சான் சொல்லியிருந்தார்.

முதல் கூட்டம்

பக்கத்து ஊரான நாலந்தாவில் விவசாயிகளைக் கூட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். தொண்டை கட்டிப்போனது. மிளகுத் தோட்டக்காரர் நஸீர் நானா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மிளகை அவிச்சா ரசம்தான் வரும் மொதலாளி."

பொறுக்கின மிளகு

சோதனைக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று கெஞ்சியதில், ஆளுக்கொரு பை கொண்டுவந்தார்கள். எல்லாம் ஒரே அளவு, காம்பு தூசி இல்லாத முத்து. வியாபாரியிடம் மாதிரி காட்டுவதென்றால் நல்லதைப் பொறுக்கிக் காட்டுவதுதானே வழக்கம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பரீனா எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாள். நான் கத்தினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை: "நீங்க இத வாங்கவா போறீங்க அண்ணே? வழக்கமா பாயில கொட்டுற மிளகு வேணும் எனக்கு."

அரைக் குவியல்

மறுபடி நஸீர் நானாவிடம் போய், பொறுக்காத மிளகு கேட்டேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு, "இத்தன வருஷமா ஒரு காம்பு இருந்தாலும் வெல கொறச்ச மனுஷன், இப்ப காம்போட கேக்குறாரு. ஏதோ இருக்கு," என்றார். கோபத்தில் வாசல்வரை போனேன். மச்சான் முகம் ஞாபகம் வர, திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒரே குவியலில் பாதி அவர் பாயில், பாதி அவித்து என் கூடாரத்தில் என்று பேசி முடித்தேன். கடைசியாகச் சொன்னார்: "கெட்டுப்போனா கடைக்கு வந்து சத்தம் போடுவேன், சொல்லிட்டேன்."

மழை

மிளகைக் கொட்டிய கையோடு மழை பிடித்துக்கொண்டது. அவருடைய பாதி, வீட்டுக்குள் அள்ளி வைத்தும் வெள்ளையாய்ப் பூஞ்சணம் பூத்தது. எங்கள் பாதி கறுத்து, கையில் கலகலவென்றது. நஸீர் நானா ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார்; துப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று மச்சான் கண்ணில் படாமலே சுற்றினேன்.

அதே அறுவடையின் அடுத்த பறிப்புக்கு, மச்சான் பார்த்துக்கொண்டிருக்க, நஸீர் நானா ஸ்டோர் வாசலில் நாலு மூட்டையை இறக்கிவிட்டுச் சொன்னார்: "அவிச்சதால ஒண்ணும் இல்ல, கூடாரத்துக்குள்ள மழ பெய்யல, அவ்வளவுதான். இதையும் அப்படியே அவிச்சு வைங்க."

நம்பிவிட்டேன் என்று ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள், மூட்டையால்தான் சொல்வார்கள் என்பதே எங்கள் நிலையத்தின் முதல் கண்டுபிடிப்பு.