பரீட்சை வைப்பவரிடம் ஐந்து கேள்விகள்

மகளின் பள்ளியிலிருந்து முதல் தவணை அறிக்கை வந்த அன்று அவளை அடித்துவிட்டேன். நாங்கள் ஆக்லாந்துக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது, கவிதாவுக்கு ஏழு வயது. அறிக்கையில் ரேங்க் இல்லை, மார்க் இல்லை. வகுப்பு ஆசிரியை கைப்பட எழுதிய நான்கு வரிகள் மட்டும் இருந்தன. அதில் ஒரு வரி, கவிதா வகுப்பில் நிறையக் கேள்வி கேட்கிறாள் என்றது. படித்ததும் எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. வந்த இடத்தில் மானத்தை வாங்குகிறாளே என்று முதுகில் ஒன்று வைத்தேன். அதோடு விட்டேனா? ஒரு முழுப் பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு மறுநாள் பள்ளிக்கே போய் நின்றேன். இனிமேல் என் மகள் வகுப்பில் வாயைத் திறக்க மாட்டாள் என்று அதில் உறுதி கூறியிருந்தேன். அந்த ஆசிரியைக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கடிதத்தை இரண்டு முறை படித்தார். "பட் தட்ஸ் எ குட் திங்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டேன். என்னைப் பார்த்து அவர் கொஞ்சம் பயந்துபோனார் என்று பிறகுதான் புரிந்தது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம், சிரியுங்கள். எழுதுகிறவள் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் ஒரு அரசுப் பெண்கள் பள்ளியில் பதினோரு வருஷம் ஆங்கிலம் நடத்தியவள் நான். வசந்தி டீச்சர் என்றால் ஜங்ஷன் ரோடு முழுக்கத் தெரியும். பீங்கான் கம்பெனிக்காரர்கள் வடக்கே அனுப்பும் கடிதங்களை என்னிடம் காட்டித் திருத்திக்கொண்டுதான் டைப் அடிக்கக் கொடுப்பார்கள். எனக்கு அவ்வளவு பெயர். ஆனால் அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு ஆளோடாவது ஆங்கிலத்தில் நான் பேசியதில்லை, நடத்தித்தான் இருக்கிறேன். வகுப்பில் கேள்வி கேட்பது என் வேலை, பதில் சொல்வது பிள்ளைகள் வேலை. செல்வி என்று ஒரு பெண், அவள் அப்பா களிமண் ஆலையில் வேலை பார்த்தார். ஒருநாள் எழுந்து நின்று, "டீச்சர், நீங்க இங்கிலீஷ்ல யார்கூடயாவது பேசியிருக்கீங்களா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மணி அடிக்கும் வரை அவளை நிற்க வைத்தேன். 

என் வீட்டுக்காரர் பீங்கான் டிப்ளமோ படித்தவர். சானிட்டரி சாமான் செய்யும் யூனிட் ஒன்றில் சூளைக்கு சூப்பர்வைசர். தொண்ணூறுகளின் நடுவில் யூனிட் படுத்துக்கொண்டது. மூன்று ஷிப்ட் ஒன்றாயிற்று, பிறகு அதுவும் வாரத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. பக்கத்து மங்கலம்பேட்டை ஆட்கள் எல்லாம் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருக்க, இவர் யாரிடமோ விசாரித்து நியூசிலாந்துக்கு மனுப் போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் நான் நோட்டு திருத்திக்கொண்டிருந்தபோது வந்து, "பேப்பரு வந்துடுச்சி வசந்தி. சித்திரைக்குள்ள கெளம்பணும்" என்றார். "அங்க ஸ்வெட்டர் வேணுமாங்க?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தோன்றவில்லை.

தலைமையாசிரியைதான் எனக்காக யோசித்தார். "ராஜினாமா கீஜினாமா பண்ணிடாதம்மா. சம்பளமில்லாத லீவு போடு. மூணு வருஷம் வரைக்கும் குடுப்பாங்க. பாத்துட்டுப் புடிக்கலன்னா வந்துடு, ஒன் எடம் ஒன்னுதுதான்" என்றார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் கதை உங்களுக்குத் தெரியும். நான் புருஷனை நம்பி சர்க்கார் உத்தியோகத்தை விடப் போனேன். அதில் பாதியையாவது பிடித்துவைத்தவர் அந்த அம்மா.

ஆகவே கணக்கு எளிது. மூன்று வருஷத்துக்குள் நான் இங்கே டீச்சர் ஆகிவிட வேண்டும். இல்லாவிட்டால் அங்கே டீச்சராகத் திரும்பிவிட வேண்டும். இங்கே டீச்சர் ஆவதற்கு ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை ஒன்று உண்டு. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. நான்கிலும் ஒன்பதுக்கு ஏழு வாங்க வேண்டும், ஒன்றில் குறைந்தாலும் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். ஆங்கிலம் நடத்தியவளுக்கே ஆங்கிலப் பரீட்சையா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்காரர் ஒரு ஓடு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டப் போனேன். என் சர்டிபிகேட்டுகளைச் சரிபார்த்து முடிப்பதிலேயே முதல் வருஷம் போய்விட்டது.

முதல் பரீட்சையில் கேட்பதும் படிப்பதும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மத்தியானம் பேச்சுப் பரீட்சை. சின்ன அறை, ஒரு மேஜை, அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கும் டேப்ரெக்கார்டர், எதிரே தலை முழுக்க நரைத்த ஒரு அம்மா. என் பெயர், ஊர், வேலை எல்லாம் கேட்டார். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், அதிகப்பிரசங்கித்தனம் செய்யவில்லை. பிறகு ஒரு கார்டை என்னிடம் நீட்டினார். இருபது வருஷம் வாழ்ந்த வீட்டை விட்டு உங்கள் எதிரே இருப்பவர் போகப்போகிறார், அவரிடம் கேள்வி கேட்டு விவரம் தெரிந்துகொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. கீழே ஐந்து குறிப்புகள்: ஏன் போகிறார், எங்கே போகிறார், யாரோடு போகிறார், வீடு என்ன விலைக்குப் போயிற்று, மனசு எப்படி இருக்கிறது. அந்தப் பரீட்சையில் அப்படி ஒரு பகுதி உண்டு. பரீட்சை வைப்பவரையே நாம் கேள்வி கேட்க வேண்டும்.

அது நடிப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கார்டைப் பார்த்தேன், அந்த அம்மாவைப் பார்த்தேன். இந்த வயதில் வீட்டை விடுகிறார் என்றால் பிள்ளைகள் துரத்தியிருப்பார்கள், அல்லது புருஷன் போய்ச் சேர்ந்திருப்பார். நம் ஊரில் கிளம்புகிற ஆளை எங்கே என்று கேட்க மாட்டோம், "தூரமா?" என்று கேட்டு நிறுத்திக்கொள்வோம். இவரிடம் போய் வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்பேனா? "ஆர் யூ கோயிங் ஃபார், மேடம்?" என்று ஒன்று கேட்டேன். "குவைட் ஃபார், எஸ்" என்று சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார்.  "டோன்ட் வொர்ரி, மேடம். காட் வில் ஷோ எ வே" என்றேன். அவர் டேப்ரெக்கார்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா என்று விசாரித்தார். "நோ மேடம், இட் இஸ் இனஃப்" என்றேன். எழுந்து வரும்போது அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டும் வந்தேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வரை அந்த அம்மாவை நினைத்துத்தான் கவலைப்பட்டேன். பேச்சுக்கு ஐந்து போட்டிருந்தார்கள்.

நடந்ததைச் சொன்னதும் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆனைக்கும் அடி சறுக்கும், வுடு" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் இந்த ஊரில் கேள்வி கேட்பதை என் மகள் ஒரே தவணையில் கற்றுக்கொண்டுவிட்டாள், அதை முப்பத்தாறு வயதில் நான் எங்கே போய்க் கற்றுக்கொள்வது என்று உள்ளே பயம் பிடித்துவிட்டது. அடுத்த பரீட்சைக்குப் பழகுவதற்காக அவரையே பரீட்சைக்காரராக உட்கார வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்காருவோம். அவர் விடுமுறைக்குப் போய்வந்த நண்பர், நான் விசாரிக்க வேண்டும். எங்கே போனீர்கள், யாரோடு போனீர்கள், அவ்வளவோடு எனக்கு நின்றுவிடும்.

"இன்னும் கேளு. அஞ்சு கேக்கணும்னு நீதான சொன்ன?" என்றார்.

"கேட்டா தப்பா நெனச்சிக்க மாட்டீங்களே?"

"பரீட்சைக்குத்தானே. கேளு."

நான் கேட்டேன். ஆங்கிலத்தில்தான் கேட்டேன். காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் என்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டேன். எனக்கு அங்கே ஒரு வேலை இருந்ததே, அது உங்கள் ஞாபகத்தில் இருந்ததா என்று கேட்டேன். நான் வரமாட்டேன் என்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். தமிழில் அந்தக் கேள்விகள் என் வாயிலிருந்து வந்திருக்காது. தமிழில் அவர் 'நீங்கள்'. ஆங்கிலத்தில் அவர் வெறும் 'யூ'தான், என் மகளுக்கும் அதே 'யூ'தான்.

அவர் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது கார்டுல இல்லியே" என்றார். பிறகு, "சூளை ஆறிப்போச்சி வசந்தி. வேற என்னா பண்ணச் சொல்ற?" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தட்டைக் கழுவினார். அவர் மேலும் தப்பில்லை. ஆறிப்போன சூளைக்கு முன்னால் நின்றுகொண்டு யாரை யார் கேட்பது? அதன்பிறகு பல வாரம் அவர் பரீட்சைக்காரராக உட்காரவில்லை.

இரண்டாவது பரீட்சையில் ஐந்து கேள்வியும் கேட்டேன். ஆனால் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். எதிரே இருந்த ஆள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கு ஆறு. எழுத்துக்கும் ஆறு. எழுத்தில் ஆறு என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாலை வகுப்பு நடத்தும் கேரல் என்ற பெண்மணியிடம் என் பயிற்சிக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது என்று வீட்டுச் சொந்தக்காரருக்குப் புகார் எழுத வேண்டும். நான் அவருடைய நலத்தை விசாரித்து, அவர் பெருந்தன்மையைப் பாராட்டி, தொந்தரவுக்கு வருந்தி, கடைசி வரியில்தான் ஒழுகலுக்கு வந்திருந்தேன். கேரல் சிரிக்கவில்லை. "இட்ஸ் பியூட்டிஃபுல், வசந்தி. ஆனால் அதற்குள் வீடு மூழ்கியிருக்கும்" என்றார். எடுத்த எடுப்பில் ஒழுகுகிறது என்று எழுத வேண்டுமாம். அப்படி எழுதிப் பார்த்தால், யாரையோ சட்டையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி என் கை கூசியது.

மூன்றாவது பரீட்சைக்குள் என் லீவில் ஐந்து மாதம்தான் பாக்கி. அந்தத் தடவை பேச்சில் நான் என்னையே மறந்துவிட்டேன். எதிரே இருந்தவர் வேலை மாறப்போகிறாராம். சம்பளம் எவ்வளவு, மனைவிக்குச் சம்மதமா, பழைய இடத்தில் யாராவது அழுதார்களா என்று ஏழெட்டுக் கேள்வி கேட்டேன். அவர் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். பேச்சுக்கு ஏழு. எழுத்துக்கு மறுபடியும் ஆறு. கை திரும்பவும் நலம் விசாரிக்கப் போய்விட்டது, கட்டுரையை முடிக்க நேரம் போதவில்லை.

முடிவு வந்த உறையை ரொட்டித் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் பிரித்தேன். என்னோடு வேலை செய்யும் டோங்கா நாட்டுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "ஏழா! குட் ஆன் யூ!" என்று என் தோளைத் தட்டினாள். நான் அவளைத் திருத்தவில்லை. வீட்டுக்காரர் திரும்பிப் போக முடியாது, அவருடைய யூனிட்டில் கதவுக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். கவிதா இப்போது கனவில்கூட ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள். நான் ஒருத்தி மட்டும் ஊருக்குப் போய் என் பழைய நாற்காலியில் உட்காரலாம். அதைச் சொல்லிப் பார்த்தேன். "போயிட்டு வரியா?" என்றுதான் அவர் கேட்டார். போனாலும் திரும்பி வந்துவிட வேண்டும் என்று அதற்கு அர்த்தம். மறுநாள் சாயங்காலம் ராஜினாமா எழுத உட்கார்ந்தேன்.

ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஆனால் அந்தக் கடிதம் எனக்குத் தடையில்லாமல் வந்தது. கேரல் சொன்னதெல்லாம் எங்கோ போயிற்று. மதிப்பிற்குரிய அம்மா என்று தொடங்கி, பதினோரு வருஷம் என்மேல் காட்டிய பரிவுக்குப் பணிந்து நன்றி சொல்லி, பள்ளி மேன்மேலும் வளர வேண்டிக்கொண்டு, கனத்த மனத்தோடு என் பதவியைத் துறக்க அனுமதி வேண்டினேன். கீழே தங்கள் கீழ்ப்படிதலுள்ள என்று போட்டுக் கையெழுத்திட்டேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் எழுதியதில் அது ஒன்றுதான் நான் எழுதியது மாதிரி இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் தலைமையாசிரியையின் ஏரோகிராம் கடிதம் வந்தது.  'உன் கடிதத்தை மேலே அனுப்பிவிட்டேன். வருத்தம்தான். அனுப்பும் முன் பத்தாம் வகுப்பில் படித்துக் காட்டினேன். இப்படி ஒரு இங்கிலீஷ் எழுத இப்போது நம்மிடம் ஆள் இல்லை. கரும்பலகையில் முழுசாக எழுதிப்போட்டு, மாதிரிக் கடிதம் என்று எல்லாரையும் காம்போசிஷன் நோட்டில் எழுதவைத்தோம். பரீட்சைக்கு உதவும். நான்கைந்து பிள்ளைகள் மனப்பாடமே செய்துவிட்டன.'

அதைப் படித்ததும் அந்த வகுப்பு என் கண்முன் வந்து நின்றது. நாற்பத்தெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து என் ராஜினாமாவை எழுதுகிறார்கள். கனத்த மனத்தோடு, கனத்த மனத்தோடு என்று உதடு அசைய எழுதுகிறார்கள். கீழே தங்கள் கீழ்ப்படிதலுள்ள என்று போட்டு ஒவ்வொருத்தியும் தன் பெயரை எழுதுகிறாள். பிறகு லீடர் நோட்டுகளை அடுக்கி ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய் என் மேஜையில் வைக்கிறாள். அங்கே இப்போது உட்கார்ந்திருப்பவர் யார் என்று எனக்குத் தெரியாது. சிவப்பு மைப் பேனாவைத் திறந்து, ஒவ்வொரு நோட்டிலும் பத்துக்குப் பத்து போடுகிறார்.