தளம் ஒழுகினால் யார் செலவு?

இன்று காலை நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு, கணக்கு நோட்டோடு வண்ணார்பேட்டைக்குப் போனேன். எங்கள் துணிக்கடையின் மேல்தளம் ஒழுகுகிறது. நாளை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் அங்கே குடியிருக்கும் கட்டடச் சொந்தக்கார அண்ணாச்சியிடம் பேசிவிட நினைத்தேன்.

"அண்ணாச்சி, மழைக்கு முன்னால தளத்த நீங்க சரிபண்ணித் தரணும். துணி பூரா நனஞ்சிரும்."

"கடை நடத்துதது நீங்க. நான் எதுக்குச் செய்யணும்?"

ஆறு வருடமாக நாங்கள் செய்ததெல்லாம் அவருக்குத் தெரியட்டும் என்று நோட்டை நீட்டினேன். ஷட்டர் மாற்றியது, தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்த்தது, வெள்ளையடித்தது. அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று கேட்காமலே எங்கள் கைக்காசில் செய்தவை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியளா? ரிப்பேரு எல்லாம் இதுவரைக்கும் நீங்கதான் பாத்திருக்கிய. உங்க கையெழுத்துதான? இதையே அக்ரிமென்டுல எழுதிருவோம்."

"அது ஒரு மரியாதைக்குச் செஞ்சது, அண்ணாச்சி!"

"அந்த மரியாதைய இப்ப ஏம்மா குறைக்கிய?"

கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது. துணிக்கட்டுகளை எந்தப் பக்கம் நகர்த்துவது என்றும் புரியவில்லை.

கடை வைத்திருப்பவர்களே, உங்கள் ஒப்பந்தத்தில் தளம் யார் பொறுப்பு? நாளை பத்து மணிக்குக் கையெழுத்து, அதற்குள் சொல்லுங்கள்.

நோட்டை ஒளித்துவைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். பிள்ளையார் சுழியிலிருந்து கடைசிப் பக்கம் வரை அண்ணாச்சி போட்டோ எடுத்துக்கொண்டார்.