சேர்வராயன் பேரில் நான் செய்த சத்தியம்

கண்ணுகளா, கல் தடுக்கினால் "ஆண்டவரே" என்று கத்தக்கூடாது என்பது எங்கள் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சட்டம். கடவுள் பெயரை வீணாகச் சொல்வது பாவம். ஆனால் இடித்துக்கொண்ட விரல் சட்டத்தையா பார்க்கும்? வாய்க்கு ஏதாவது வேண்டியிருந்தது. அதனால் "அட மொளகே!" என்போம். ஒருத்தன் "அட ஆரஞ்சே!" என்பான். கோபம் வந்தால் "நாசமாப் போ" என்பதற்குப் பதில் "நாசமத்துப் போ". அதாவது நாசம் இல்லாமல் போ. திட்டின மாதிரியும் ஆயிற்று, பாவமும் இல்லை.

சத்தியம் பண்ணத்தான் வழி இல்லாமல் இருந்தது. மிளகின் மேல் சத்தியம் செய்தால் எவன் நம்புவான்? அம்மா மேல் செய்யப் பயம். கடைசியில் யாரோ ஒருத்தன் கண்டுபிடித்ததுதான் "சேர்வராயன் சத்தியம்". சேர்வராயன் என்பது மலை உச்சியில் குகைக்குள் இருக்கிற சாமி, மலைக்காரர்களின் தெய்வம். நம் சாமி இல்லையே, நமக்குப் பாவம் சேராது, கேட்கிறவனும் நம்பிவிடுவான். இந்தக் கெட்டிக்காரத்தனம் பெரியவனான பிறகும் என் நாக்கை விட்டுப் போகவில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயும் களத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். என்னோடு மாரமங்கலம் பக்கத்து மலைக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் என்னை அண்ணா என்பார். மரத்திலிருந்து விழுந்து முழங்கால் கெட்டுப்போனவர். சரிவில் ஏறி இறங்க முடியாது என்பதால் அவருக்குக் களத்து வேலை.

ஒரு மார்கழி மத்தியானம் அவர் கிடங்குக்குள் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். மேகம் கூடினால் நான் குரல் கொடுக்கவேண்டும், இருவரும் தார்ப்பாயை இழுத்து மூடவேண்டும். நானோ பாய் டீக்கடையில் ரேடியோ கேட்டுக்கொண்டு நின்றேன். மழை கொட்டிவிட்டது. அவர் நொண்டிக்கொண்டே ஓடிவந்து தனியாக மூடுவதற்குள் பாதிக் களம் நனைந்துபோனது.

எஸ்டேட் கணக்கும் வேலையும் பார்க்கும் ரைட்டர் கோபத்தில் குதித்தார். "யாரய்யா மேகத்தப் பாத்துக்கிட்டிருந்தது?"

அப்போது நம் வீட்டு மூத்த பெண் பிறந்து இருபது நாள். வேலை போய்விடும் என்ற பயத்தில் சொன்னேன்: "நான் அப்பவே மூடச் சொன்னேனுங்க. சேர்வராயன் சத்தியமா சொன்னேனுங்க."

ரைட்டர் அவர் பக்கம் திரும்பினார். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சேர்வராயன் பேரச் சொல்லிப்போட்டாருங்களே. அப்ப நாந்தான் மறந்திருப்பனுங்க" என்றார்.

மறுநாளே அவரைச் சரிவில் காப்பி நாற்றுக்குக் குழி வெட்ட அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து என்னைத் தேடி வந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன். "ஏனுங்கண்ணா, நீங்க சொன்னப்ப நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தனுங்க? எத்தன ரோசன பண்ணியும் நெனப்புக்கு வரமாட்டேங்குது. நொம்ப வெசனமா இருக்குதுங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வெத்தல போட்டுக்கிட்டிருந்தீங்க" என்றேன்.

"ஆமாமுங்க, வெத்தல போட்டன்" என்று தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறந்ததற்கு மன்னிப்புக் கேட்க, அந்தக் காலோடு, சேர்வராயன் கோயிலுக்கு நடந்தே போயிருக்கிறார். நான் மாதா கோயிலில் சாயங்காலப் பூசை முடிந்து வெளியே வரும்போது எதிரே வந்தார். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. "உங்களுக்கும் சேத்தித்தான் வேண்டிக்கிட்டனுங்க" என்று மடித்த காகிதத்தை நீட்டினார். உள்ளே திருநீறு.

கை நீளவில்லை. நடுரோட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ரேடியோவிலிருந்து வெற்றிலைவரை. அடிப்பார் என்று நின்றேன்.

"அப்ப நான் மறக்கலீங்களா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "எங்கப்பனுக்குக் கடைசியில பெத்த புள்ள பேரே மறந்துபோச்சுங்க. எனக்கும் அப்பிடித்தான் ஆவுதாட்ட இருக்குதுன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்லீங்க."

அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அது மெல்ல அடங்கியது. காகிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

"எங்க சாமின்னா உங்களுக்கு அத்தன எளப்பமுங்களா?" அவ்வளவுதான் கேட்டார்.

மறுநாள் ரைட்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அந்தப் பருவம் முழுவதும் குழி வெட்டியது நான். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் களத்துக்குத் திரும்பினார். அடுத்த வருஷம் என்னையும் அங்கேயே போட்டார்கள். பேசினார், சோற்றைக்கூடப் பங்கு வைத்தார். ஆனால் மழை வருகிறது என்று நான் குரல் கொடுத்தால், முதலில் கிடங்கு வாசலுக்கு வந்து தானே ஒருதரம் வானத்தைப் பார்ப்பார். அப்புறம்தான் தார்ப்பாயில் கை வைப்பார்.