பெரியப்பாவின் கனைப்பு

ஒரு ஆள் தொண்டையைக் கனைத்தால் உங்கள் வயலுக்குப் போகிற தண்ணீர் நின்றுவிடுமா? எங்களுக்கு நின்றது.

எருமப்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டம். அப்பாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொதுவாக ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒருநாள் அவர் முறை, மறுநாள் எங்கள் முறை. இது பேச்சு. நடப்பு வேறு. எங்கள் முறையன்று பெரியப்பா வெள்ளை வேட்டியோடு வரப்பில் வந்து நின்று ‘க்கும்’ என்பார். வாய் திறந்து கேட்கமாட்டார். தம்பியிடம் போய் அண்ணன் கேட்பதா? அப்பா தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்கள் மடையை அடைத்து அவர் பக்கம் திருப்பிவிடுவார். போன வருஷம் எங்கள் சின்ன வெங்காயம் பாதியிலேயே கருகிப் போனது. பெரியப்பா தன் வெங்காயத்தை நல்ல விலைக்குக் காத்திருக்கப் பட்டறை போட்டு அடுக்கி வைத்தார். அதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

எனக்குச் சேலத்தில் காலேஜ். உளவியல் ஒரு பாடம். சோறு வைக்கும்போதெல்லாம் மணியடித்துப் பழக்கினால், பிறகு வெறும் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று வாத்தியார் நடத்தினார். வகுப்பே நாயை நினைத்துச் சிரித்தது. நான் அப்பாவின் துண்டை நினைத்தேன். அவருடைய சின்ன வயதில் அண்ணனின் அந்தக் கனைப்புக்குப் பின்னாலேயே புளிய விளாறு அடி வந்திருக்கும். விளாறு போய்விட்டது. கனைப்பே போதுமானதாகிவிட்டது.

சரி, எனக்கும் ஒரு நாய் கிடைத்தது. மோட்டார் ரூமைக் காக்கிற பெரியப்பாவின் செவலை. படிப்பு லீவு முழுக்கப் புத்தகத்தோடு மோட்டார் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து, பெரியப்பா மாதிரியே அடித்தொண்டையில் கனைப்பேன். உடனே ஒரு கருவாட்டுத் தலை போடுவேன். செவலை என் கூடப் படிக்கிறவன்களைவிடச் சுறுசுறுப்பு. லீவு முடிவதற்குள், கனைத்தால் எங்கிருந்தாலும் பாய்ந்து வந்து நெஞ்சில் கால் வைத்தது.

எங்கள் முறை வந்தது. பெரியப்பா வந்தார், நின்றார், கனைத்தார். செவலை வாய்க்கால் சேற்றோடு ஓடிவந்து வேட்டியில் ஏறியது. உதறித் தள்ளினார். பதற்றத்தில் மறுபடியும் கனைத்துத் தொலைத்தார். மறுபடியும் ஏறியது. களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனால் அப்பா துண்டை எடுத்துவிட்டார். மண்வெட்டி மடைக்குப் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. அவ்வளவு கருவாடும் வீண்.

அப்போதுதான் களை வெட்டிக்கொண்டிருந்த அம்மா எழுந்தாள். பெரியப்பா எதிரில் அவள் நிமிர்ந்து நின்றுகூட நான் பார்த்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துத்தான் சொல்வாள். அன்று நேராகப் பார்த்தாள்.

“இன்னைக்கு எங்க மொறைங்க மாமா. தண்ணி எங்க வெங்காயத்துக்குத்தான் பாயோணும்.”

பெரியப்பா அவளை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார். “ஏன்டா, உன்ற ஊட்ல பொம்பளைங்க பேசற அளவுக்கு ஆயிருச்சா?”

“நீங்க வாயத் தொறந்து கேட்டா அவரே பேசுவாருங்க. கனைச்சா நாய்தானுங்க வருது,” என்றாள் அம்மா.

இந்த முறை பெண்கள் யாரும் வாயைப் பொத்தவில்லை. பெரியப்பா வேட்டியை உதறிக்கொண்டு நடந்தார். அவ்வளவுதான். யாரும் யாரையும் அடிக்கவில்லை, வானம் இடிந்து விழவில்லை. அப்பா மண்வெட்டியோடு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதே புத்தகத்தில் பின்னால் ஒரு பாடம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று நான் தள்ளிவிட்டது. அடியும் வேண்டாம், தீனியும் வேண்டாம். இன்னொருவர் ஒன்றைச் செய்து, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணால் பார்த்தாலே மனிதன் கற்றுக்கொள்வானாம்.

அடுத்த முறை பெரியப்பா கனைக்கவில்லை. கையை மட்டும் அசைத்தார். அப்பாவின் கை துண்டை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. அம்மா இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“இன்னைக்கு எங்க மொறைங்கண்ணா,” என்றார்.

துண்டு தோளிலேயே கிடந்தது.

எங்கள் தண்ணீரை நம்பிப் பெரியப்பா இந்த வருஷம் கூடுதலாக நட்ட வெங்காயம் மஞ்சளடித்துக் கிடக்கிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புகிறாராம். புலம்பட்டும். கருவாட்டுத் தலையை நான் இன்னும் நிறுத்தவில்லை. செவலைக்குப் படித்தது மறந்துவிடக் கூடாது.

மோட்டார் ஓடுகிற த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டது. இன்று எங்கள் முறை.