ஊர்ப்பெயர் வெட்டிய காப்பு

அப்பா நகை எதுவும் அணியாதவர். பெட்டி தூக்கும்போது இடிக்கிறது என்று கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டவர். அவர் ஒருநாள் வேலையிலிருந்து வந்தபோது வலது மணிக்கட்டில் பட்டையாக ஒரு கறுப்புக் காப்பு இருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். எனக்கு அப்போது எட்டு வயது.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய நகரத்தில், பாட்டனி டவுன்ஸ் பகுதியில், பெயின்டும் பலகையும் ஆணியும் விற்கிற ஒரு பெரிய கடையில் அப்பாவுக்கு வேலை. அங்கே கூட வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் முன்பு ராணுவத்தில் இருந்தவர். வெளிநாட்டுப் போருக்குப் போய்த் திரும்பி வராத தன் நண்பனின் பெயர், பதவி, இறந்த இடம் எல்லாவற்றையும் ஒரு காப்பில் வெட்டி அணிந்திருந்தார். குளிக்கும்போதும் அதைக் கழற்றமாட்டாராம். அப்பா பல மாதங்கள் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், எந்தக் கடையில் செய்தது என்று கேட்டிருக்கிறார்.

"யார் பேருப்பா இது?"

"உன் பெரியப்பா பேரும்மா. மிலிட்டரில இருந்தாரு. நான் ஸ்கூல்ல படிக்கிறப்போ சிலோனுக்கு அனுப்புனாங்க. திரும்பி வரல."

"அங்க யாரோட சண்டை போட்டாரு?"

"சாப்பிடு, ஆறிடும்" என்றார் அப்பா.

மீதியை நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு நாட்டுக்காரரை இன்னொரு நாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால் உதவி செய்யத்தானே அனுப்புவார்கள்.

மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் கார் போக ஒரே பாதை. பின்வீட்டில் யாழ்ப்பாணத்து மாமி இருந்தார். சொந்தமில்லை, அவர் வீட்டுக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் மாமி என்று கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டேன். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் மாலை ஷிஃப்ட். பள்ளி விட்டதும் என்னை அழைத்து வந்து, சோறு போட்டு, அப்பா வரும்வரை வைத்திருப்பது மாமிதான். காசு கொடுக்கப் போனால் கோபித்துக்கொள்வார். அவர் தமிழில் பாதி எனக்குப் புரியாது, என் தமிழில் பாதி அவருக்குச் சிரிப்பாக இருக்கும். நான் 'ஆமா' என்றால், "ஓம் எண்டு சொல்லு பாப்பம்" என்பார். சொன்னால் ஒரு பிஸ்கட் அதிகம் கிடைக்கும்.

போரில் இறந்த படைவீரர்களை நினைவுகூர்கிற ஆன்சாக் தினம் நெருங்கியபோது, குடும்பத்தில் போருக்குப் போனவர்கள் இருந்தால் அவர்கள் நினைவாக ஏதாவது கொண்டுவரும்படி டீச்சர் சொன்னார். பழைய பதக்கங்களும் தொப்பிகளும் வந்தன. அப்பா ஒருநாளைக்கு மட்டும் காப்பைக் கழற்றித் தந்தார். முதன்முறையாக வகுப்பில் எனக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் தலைக்கேறியிருந்த நிலையில்தான் அன்று மாலை மாமி வீட்டுக்குள் நுழைந்தேன்.

மாமி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். நான் காப்பைத் தூக்கிப் பிடித்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். பெயர், பதவி, பிறகு ஊர்.

"ஜாஃப்னா! உங்க ஊரு மாமி! எங்க பெரியப்பா உங்க ஊருக்குத்தான் வந்தாரு. உங்களுக்கு ஹெல்ப் பண்ண!"

மாமியின் கை உரலில் அப்படியே நின்றது.

"எந்த வருசம் எண்டு போட்டிருக்கு?"

படித்தேன். மாமி உரலைக் கீழே வைத்தார். மாவுக் கையைக் கழுவினார், துடைத்தார், பிறகு என்னவோ மறுபடியும் கழுவினார். எனக்குப் போடவேண்டியதைத் தட்டில் போட்டுவிட்டு, பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பா என்னைக் கூப்பிட வந்தபோது எழுந்து வரவில்லை. "தலையிடி" என்று பின்பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

அடுத்த நாளும் தலையிடி. அதற்கடுத்து ஏப்ரல் விடுமுறை தொடங்கிவிட்டது. என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அம்மா ஷிஃப்டை மாற்றக் கேட்டு, அது கிடைக்காமல், இரண்டு நாள் லீவு போட்டார். நான் மாமியிடம் என்ன சொன்னேன் என்று அப்பா ஒருமுறைதான் கேட்டார். திட்டவில்லை. காப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க" என்றார் அம்மா.

"என்னன்னு பேசுறது? மன்னிச்சிருங்கன்னா? எங்க அண்ணன் செத்ததுக்கா?"

"போகாம இருந்தா மட்டும் என்ன? அதையும் அவங்க ஒண்ணு நினைச்சுக்குவாங்கள்ல."

அப்பா போகவில்லை. காரைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் மாமி வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்ப்பார். அங்கே திரை இழுத்து விட்டிருக்கும். எனக்கோ, எப்போதும் மணக்கிற அந்த வீட்டுக்குள் ஏன் போகக்கூடாது என்பதுதான் பெரிய துக்கமாக இருந்தது.

மாமிதான் வந்தார். ஒரு சனிக்கிழமை காலை, வெளியே போவதற்கான சேலையில் எங்கள் வாசலில் நின்றார். அப்பா பதறிப்போய் டி.வி.யை அணைத்தார். அம்மா உட்காரச் சொன்னார். மாமி உட்காரவில்லை.

"தம்பி, அந்தக் காப்பு செய்து தாற கடை எங்க இருக்கு?"

அப்பாவின் கை சட்டைப்பைக்குப் போனது.

"எனக்கும் ஒரு தம்பி இருந்தவன். பதினேழு வயசு. ரியூசனுக்கெண்டு சைக்கிளில போனவன், ரோட்டில வெடிபட்டுக் கிடந்தான். உங்கட அண்ணன் போன அதே வருசம். ஆர் சுட்டதெண்டு எங்களுக்கு இண்டைக்கும் தெரியாது." மூச்சு வாங்கினார். "உங்களில எனக்கு ஒரு கோவமும் இல்லை. பிள்ளை அந்தப் பேரை வாசிக்கேக்க, என்ர தம்பிக்கு ஒரு இடத்திலயும் பேர் இல்லையே எண்டு வந்திட்டுது. அவ்வளவுதான்."

அம்மா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா கார்ச் சாவியைத் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

சாவி வெட்டுவது, செருப்புக்கு அடி ஒட்டுவது எல்லாம் செய்கிற சின்னக் கடை அது. கடைக்காரர் வயதான சீனர். பெயரைக் கேட்டார், அப்பா எழுத்துக்கூட்டிச் சொன்னார். "பதவி?" என்று கேட்டார் அவர். அப்பா மாமியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன் படிச்சுக்கொண்டிருந்தவன் எண்டு சொல்லுங்கோ."

"மாணவன்" என்று அப்பா ஆங்கிலத்தில் சொன்னார். கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு, மேலே ஒன்றும் கேட்காமல் அதை எழுதிக்கொண்டார். ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை. அப்பா சட்டைப்பையிலிருந்து தன் காப்பை எடுத்து நீட்டினார். கடைக்காரர் அதைப் பார்த்து அப்படியே எழுதினார்.

மெஷின் கீச்சிட்டு முடிந்ததும் மாமி காப்பைக் கையில் மாட்டி, எழுத்துகளை விரலால் தடவினார். அப்பா தன்னுடையதைத் திரும்பச் சட்டைப்பையில் போடப் போனார்.

"போடுங்கோ தம்பி" என்றார் மாமி. "கையில போடுங்கோ."

அப்பா போட்டுக்கொண்டார். காரில் திரும்பினோம். கோபம் தீர்ந்துவிட்டது என்றால் ஏன் இப்படி அழுத முகத்தோடு வருகிறார்கள், ஐஸ்கிரீமாவது வாங்கியிருக்கலாமே என்று பின்சீட்டில் நான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பள்ளி திறந்தபோது, நாம் நினைத்துக்கொள்பவர்களைப் படம் வரைந்து வரச் சொன்னார்கள். மாமி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்தேன். பெரியப்பாவையும் மாமியின் தம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்தேன். காப்பில் பெயர் இருந்தால் ராணுவக்காரர்தான் என்பது என் கணக்கு. ஆகவே இருவருக்கும் பச்சைச் சட்டை, தொப்பி, ஆளுக்கொரு துப்பாக்கி.

மாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். பிறகு ரப்பரைக் கேட்டார்.

தம்பியின் கையிலிருந்த துப்பாக்கியை மெதுவாக அழித்தார். தாள் கசங்காமல் மறுகையால் பிடித்துக்கொண்டு, கோடு தெரியாமல் போகும்வரை அழித்தார். ரப்பரை என்னிடம் திருப்பித் தர நீட்டியவர், கையை இழுத்துக்கொண்டார். பெரியப்பாவின் துப்பாக்கியையும் அழித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நேரம் வரைந்தது. மாமி எழுந்துபோய் வெங்காயம் வெட்டத் தொடங்கினார், வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்தார். இரண்டு பேரும் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்பது பார்க்க நன்றாகவே இல்லை. அழித்த இடம் வேறு அழுக்காகத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் ஒருவர் கையில் கிரிக்கெட் மட்டையையும் இன்னொருவர் கையில் சிவப்புப் பந்தையும் வரைந்து, மாமி படத்தைக் கெடுத்துவிட்டார் என்ற கோபத்தோடு பள்ளிக்குக் கொண்டுபோனேன்.