கோழிக் கூண்டில் கம்பெனிச் சட்டம்

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் ஆறு கோழிகளுக்காக, பழைய சைக்கிள் சக்கரம் பொருத்தித் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி என் கணவர் ஒரு கூண்டு செய்தார். ராத்திரி ஏறி உட்காரக் கட்டை வேண்டுமே? கோழிக்கு ஒரு சாண் என்று அளந்து, கம்பெனியில் வெடிமருந்து காயவைக்கும் உடைந்த தட்டின் சட்டங்களைக் கேட்டு வாங்கி வந்தேன்.

"நல்லாக் கழுவுனியா?" என்றார் கணவர்.

"ரெண்டு குடம் ஊத்திட்டேங்க."

கோழி எதைத் தின்றாலும் அலகை உட்காரும் கட்டையில்தான் தேய்க்கும். அது என் புத்தியில் ஏறவே இல்லை. நான்காம் நாள் காலை கூண்டைத் திறந்தால், ஆறும் கட்டைக்குக் கீழே கால் விளங்காமல் கிடந்தன.

"உசிரு இருக்கும்போதே அறுத்துருவோம், கொளம்புக்காவது ஆகும்" என்று கணவர் அரிவாளை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு அந்தத் தட்டு உறைத்தது. "அறுக்காதீக!" என்று கத்தி, ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடி, கட்டை வந்த கதையைச் சொன்னேன்.

"மரத்துல ஊறுன மருந்து ரெண்டு குடத்துக்குப் போகுமாம்மா? தின்னுருந்தா உங்களுக்கும் இதே கதிதான்" என்றார். மதியத்துக்குள் ஆறும் செத்தன.

இப்போது கூண்டில் வேப்பங்கம்புதான். ஆனால் அன்று நான் பயந்தது கோழிக்காக மட்டுமல்ல. நான் கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் ஓடிவந்து என் விரலைச் சூப்புவது இரண்டு வயது மகளின் பழக்கம். இப்போதெல்லாம் குளித்து, சேலை மாற்றாமல் அவளைத் தொடுவதில்லை. கையை நீட்டிக்கொண்டு அழுகிறாள். அழட்டும்.