அந்த அலகும் இந்தக் காலும்

பருத்திப்பட்டு ஏரிக்கரைப் புதரில் ஒரு கதிர்க்குருவியைப் படமெடுத்து, பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கதிர்க்குருவிகளில் இது எந்த வகை என்பதுதான் கேள்வி. எல்லாமே பழுப்பு. படைத்தவனிடம் வேறு சாயமே இல்லை போலிருக்கிறது.

ஒருவர் அலகைக் காட்டச் சொன்னார், இன்னொருவர் காலைக் கேட்டார். அலகு ஒரு படத்தில்தான் தெளிவாக விழுந்திருந்தது, கால் வேறொன்றில். இரண்டையும் வெட்டிப் போட்டேன். அலகைப் பார்த்தவர் ஒரு பெயரைச் சொன்னார். காலைப் பார்த்தவர் அதற்கு வாய்ப்பே இல்லை என்றார். நாள் முழுக்கச் சண்டை. எனக்குத் தலை சுற்றியது.

மறுநாள் காலை என்னோடு நடக்க வந்த மனைவியிடம் அதே புதரைக் காட்டினேன்.

“இந்தக் குருவிதான் என் உயிர வாங்குது.”

அவள் உற்றுப் பார்த்தாள். “எதச் சொல்றீங்க? மேல குந்தினு இருக்கறதா, கீழ இருக்கறதா?”

இரண்டு குருவிகள். இரண்டும் வேறு வேறு. நேற்று எந்தப் படத்தில் எதை எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. குழுவில் சொல்லிவிடலாம் என்று போனைத் திறந்தேன்.

அந்த அலகும் இந்தக் காலும் சேர்ந்த குருவி இதுவரை இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று அதற்குள் முடிவுகட்டி, அதை முதலில் கண்ட எனக்கு எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.